பாலு மகேந்திராவின் யன்னல் வெளிச்சம்

நான் குறொய்டன் பக்கத்தில் ஒரு பாண் பக்ரறியில் பத்து வருடமாக இரவு வேலை செய்கிறேன். அங்கே 24 மணித்தியாலமும் ரியூப் லைற் எரியும். பக்கத்தில் நிற்பவருடைய முகத்தைப் பார்த்து இப்ப விடியப்புறமா, பின்னேரமா என்று சொல்ல ஏலாது. நிழல் என்பதே இல்லை. பாலு மகேந்திராவின் படங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது இந்த வெளிச்சத்தின் கீழே நின்றுதான்.

போன வருடப்பிறப்பு விழாவில் சாப்பாட்டு மேசையில் ஒரு அண்ணை கேட்டார்: "எங்கட ஆள், எங்கட ஆள் எண்டு பெருமை அடிக்கிறியள். அந்தாள் எங்களைப் பற்றி ஒரு படமாவது எடுத்தவரோ?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். நான் ஏ.எல். வரை படித்தவன், சினிமா படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவில் இருக்கும் அமிர்தகழிதான் அவருடைய ஊர். பிறந்தது 1939இல். பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றில் கித்துள்கலவுக்குப் போனபோது, களனி கங்கைக் கரையில் ஒரு ஆங்கிலப் படத்தின் சூற்றிங் நடந்துகொண்டிருந்தது. 1957இல் வெளிவந்த 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் க்வாய்' தான் அந்தப் படம். ஒரு வெள்ளைக்காரர் "ரெயின்" என்று கத்தினாராம், உடனே மழை பெய்ததாம். அந்த நிமிசமே தானும் இப்படி ஒரு ஆளாக வரவேணும் என்று தீர்மானித்ததாகப் பாலு மகேந்திரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கத்தியவர் டேவிட் லீன். 1908இல் இதே குறொய்டனில் பிறந்தவர். நான் தினமும் பஸ் ஏறுகிற ஊரில் பிறந்த மனிதர் எங்கட நாட்டு ஆற்றங்கரையில் மழையைக் கூப்பிட்டு, ஒரு மட்டக்களப்புப் பெடியனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார்.

ஆனால் அந்தப் பெடியன் வளர்ந்து செய்தது நேர்மாறானது. லீன் ஆற்றுக்குக் குறுக்கே உண்மையான பாலம் கட்டி, ரயிலை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தவர். பாலு மகேந்திரா எதையும் தகர்க்கவில்லை. வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்.

கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடக்காரராக வேலை செய்த பிறகு பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய், 1969இல் ஒளிப்பதிவில் தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தார். மலையாளத்தில் ராமு காரியத்தின் 'நெல்லு' (1974) படத்துக்குக் கமெரா பிடித்தார். முதலில் இயக்கியது 1977இல் கன்னடத்தில், 'கோகிலா'.

அந்தக் காலத்துக் கோடம்பாக்கப் படங்கள் பலவற்றை நினைத்துப் பாருங்கள். நடுச்சாமமானாலும் சிறைச்சாலையானாலும் கதாநாயகியின் முகம் ஒரே மாதிரிப் பளபளக்கும். நாலு பக்கமும் லைற். கிட்டத்தட்ட எங்கட பக்ரறி. பாலு மகேந்திரா அதை நிற்பாட்டினார். அறைக்குள் யன்னல் இருந்தால் வெளிச்சம் யன்னலால்தான் வரும். மற்றக் கன்னம் இருட்டாக இருந்தால் இருக்கட்டும். இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியது இல்லை. 1956இல் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் சுப்ரத மித்ரா வெள்ளைத் துணி கட்டி, அதிலே லைற்றைப் பட்டுத் தெறிக்கவைத்து, முற்றத்து ஆகாய வெளிச்சத்தை செற்றுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆனால் தமிழில் பாலு மகேந்திரா அதைத் தன் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டார். கதை, இயக்கம், கமெரா, எடிற்றிங் எல்லாம் தானே செய்ததால், பேச்சு முடிந்த பிறகும் அந்த முகத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று தீர்மானிக்க அவருக்கு ஒருவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

எல்லாப் படமும் அப்படி இல்லை. 1984இல் 'நீங்கள் கேட்டவை' என்று ஒரு மசாலாவும் எடுத்தார். தலைப்பிலேயே பழியை எங்கட தலையில் போட்டுவிட்டார்.

'மூன்றாம் பிறை' (1982) எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். எனக்கு 'வீடு' (1988) தான். வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகிற சுதா, தங்கச்சியையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டு ஒன்றும் இல்லை. பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் ரு நேம் இற்' இசை. சொக்கலிங்க பாகவதர் தாத்தா. கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியே வருவார், குடையோடு. பூச்சுப் பூசாத சுவரைத் தடவிப் பார்ப்பார். கூரை இல்லாத அறைக்குள் வெயில் விழுந்திருக்கும். ஒரு வசனம் இல்லை. கடைசியில் அந்தக் காணியே அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்று தெரியவரும்.

கிளிநொச்சியில் அப்பா கட்டின வீட்டுக்கும் பூச்சுப் பூசவில்லை. 2008இல் அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டம். மத்தியானத்தில் அந்தச் செங்கல்லில் வெயில் எப்படி விழும் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நான் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. அந்தத் தாத்தா சுவரில் கை வைத்ததும் பக்கத்தில் இருந்த அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

அண்ணைக்கு என் பதில் இதுதான். எங்கட நாட்டுக் கதை என்று பெயர் போட்டு அவர் படம் எடுக்கவில்லை, உண்மை. அது எனக்கும் மனக்குறைதான். ஆனால் 'அழியாத கோலங்கள்' (1979) படத்தில் ஊர் சுற்றுகிற மூன்று பெடியன்கள் அவருடைய சின்ன வயதிலிருந்து வந்தவர்கள். அவர் கண் வெளிச்சம் பழகினது வாவிக்கரையில். பூனாவில் கற்றது அதைப் பிலிமில் பிடிக்கிற தொழிலை.

2014 பெப்ரவரியில் சென்னையில் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்த பெரிய கவலை, 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற படங்களின் நெகற்றிவ் இப்போது இல்லை என்பது. தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதையெல்லாம் அண்ணைக்குச் சொன்னேன். ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பையோடு வந்தார். உள்ளே 'வீடு' வீடியோ கசற். தொண்ணூறுகளில் தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்து, திருப்பிக் கொடுக்காமல் லொவ்ற்றில் வைத்திருந்தாராம். கடையும் இப்போது இல்லை. போட்டுப் பார்க்க எங்கள் இருவரிடமும் டெக் இல்லை. ஓடக்கூடிய டெக் யாரிடமாவது இருந்தால் சங்கத்தில் சொல்லிவிடுங்கள்.