கியரும் சாரதியின் சித்தமும்

ஓடைப்பட்டித் தோட்டங்களின் விதையில்லாத் திராட்சையை ஏற்றிக்கொண்டு கேரளத்துச் சந்தைகளுக்குப் போகும் லாரிகளும், விடியுமுன் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து கூலியாட்களோடு ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகளும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மலைவழிகளில் ஒன்றைக் கடந்தே தீரவேண்டியிருப்பதால், இப்பிரதேசத்தில் வண்டியோட்டும் தொழில் பெரும்பாலும் கியரை அறியும் தொழிலாகவே வளர்ந்து வந்திருக்கிறது. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில், டீசலை மிச்சம் பிடிக்க எண்ணி நியூட்ரலில் இறங்குகிறவன், பாரம் முழுவதையும் பிரேக்கின் மேல் சுமத்தி, அது சூடேறிப் பிடிப்பிழக்கும் ஆபத்தைத் தானே தேடிக்கொள்கிறான். ஆகவேதான், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் முதற்பாடமாயிற்று. சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வருகிறவர், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினின் சுருதி ஏறும் அக்கணத்தில் மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியரைப் போடுவார்; காது தவறினால் பல்சக்கரங்கள் கரகரவென்று கடித்துக்கொள்ளும். இதுவே டபுள் கிளட்ச்.

இந்த வித்தையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியில் முதல் பெரு வெற்றி, 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்திய ஹைட்ரா-மேட்டிக். வண்டியின் வேகத்தையும் ஆக்ஸிலேட்டரின் அழுத்தத்தையும் கொண்டு கியரைத் தீர்மானித்த அந்த யந்திரத்துக்குச் சரிவு என்பது தெரியாது. இறக்கத்தில் சாரதி காலை எடுத்ததும், அவர் நிதானமாகப் போக விரும்புகிறார் என்று கருதி மேல் கியருக்கு மாறி, எஞ்சின் தரவேண்டிய தடையையே குறைத்துவிடும். இக்குறைக்குப் பரிகாரமாகவே ஆரம்பத்திலிருந்து ‘லோ’ என்னும் நிலை வைக்கப்பட்டது. 1952-இல் மூன்றாம் கியரிலேயே நிறுத்திவைக்கும் வேறொரு நிலையும் சேர்ந்தது. இன்றைய டிரைவ் மோடுகளின் மூதாதை இந்த ‘லோ’தான் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் தானியங்கிக் கியரின் சரித்திரம் தோல்வியோடு தொடங்கியது. 1953-இல் முந்நூறு மட்டுமே தயாரான முதல் செவ்ரோலெ கார்வெட் அத்தனையிலும் இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் இருந்தது. பந்தய உணர்ச்சியை நாடியவர்கள் அதை ஏற்கவில்லை. 1955-இல் கையால் மாற்றும் மூன்று கியர்ப் பெட்டியும் வந்தது.

மாறுதல் 1989-இல் போர்ஷே 911-க்கு வந்த டிப்டிரானிக்கோடு தோன்றியது. சாரதி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் விதத்திலிருந்தே அவருடைய சுபாவத்தை ஊகித்துக் கியர் மாறும் திட்டத்தைத் தேர்ந்துகொண்ட அது, வளைவின் நடுவே மேல் கியருக்குத் தாவாமலும் தன்னைத் தடுத்துக்கொண்டது. விரும்பியபோது லீவரைத் தட்டித் தாமே கியர் மாற்றவும் இடம் தந்தது. 2004-இல் ஃபெராரி எஃப்430-இன் ஸ்டியரிங் சக்கரத்தில் ஏறிய சிறு திருகி, பனிச்சாலைக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என மோடுகளைச் சாரதியின் விரலருகே கொண்டுவந்தது. ஸ்போர்ட் மோடு எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதாகப் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் அப்படியன்று. மேல் கியருக்கு மாறுவதை ஒத்திப்போட்டு எஞ்சினை உயர்ந்த சுழற்சியிலேயே நிறுத்தி, பிரேக் மிதித்தவுடன் கீழ் கியருக்கு இறங்கி, ஆக்ஸிலேட்டரின் சிறு அசைவுக்கும் விரைந்து பதில் தருவதே அதன் பிரதான காரியம். சிக்கனமான மோடு இதற்கு நேர்மாறாக, முடிந்தவரை சீக்கிரம் மேல் கியருக்கு ஏறிவிடும்.

தானே கியர் மாற்றும் ஆற்றல் இவ்வளவு முதிர்ந்த காலத்தில், ஃபார்முலா ஒன் விதிகள் 2004-இலிருந்து முழுத் தானியங்கிக் கியர் மாற்றத்தைத் தடைசெய்தன; சாரதியின் திறமையே பந்தயத்தை நிர்ணயிக்க வேண்டும் என்ற அந்தத் தீர்மானத்தை நான் மனமார வரவேற்கிறேன். மறுவருஷம் மார்ச் மாதம், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராக மெல்போர்னில் ஜோர்டான் காரை ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஒவ்வொரு கியரையும் ஸ்டியரிங்கின் பின்னிருந்த துடுப்பைத் தம் விரலால் இழுத்தே மாற்றினார்.