ஐ! ஐயோ! கோவிந்தா!

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர இங்கே நியூஜெர்சியில் எல்லோரும் அ, ஆ-வில் ஆரம்பிக்கிறார்கள். நான் 'ஐயையோ'வில் ஆரம்பித்தேன். (சிரிக்காதீங்க!) என் ரெண்டு வாண்டுகளுக்கும் சித்தூரில் இருக்கும் பாட்டியோடு போனில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் பாட்டி "முட்டி வலிடா" என்றால் "அச்சச்சோ" என்கிறார்கள். அதற்கு இலக்கணம் வேண்டாம். பாட்டிக்கும் அது போதும், மேலே அரைமணி நேரம் பேசுவார்.

சித்தூர்க்காரனுக்கு இந்தச் சரக்கு நிறையவே உண்டு. ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் 'அடேங்கப்பா', 'அம்ம பாபோய்', 'யா அல்லா' மூன்றும் காதில் விழும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை.

'சபாஷ்' பாரசீகம். மகிழ்ந்திரு என்று பொருள். 'பேஷ்' கூட அங்கிருந்து வந்ததுதான். ஆற்காட்டு தர்பாரில் பாரசீகம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எங்க ஊர் நவாபு சீமை. 1740-ல் நவாப் தோஸ்த் அலி கான் மராட்டியரோடு மோதி உயிரை விட்டது பாகாலா பக்கத்துத் தாமலசெருவில்தான். நவாபு போனார், சபாஷ் போகவில்லை.

'கோவிந்தா'வில்தான் பிள்ளைகள் மடக்கினார்கள். திருமலையில் பக்தியோடு கூவுகிற பெயர், கொடுத்த கடன் வராமல் போனால் மட்டும் ஏன் 'பணம் கோவிந்தா' ஆகிறது? வைணவர் வீட்டு இறுதி ஊர்வலத்திலும் அதே கோஷம் போடுவார்கள், அதனால் என்று சொல்வதுண்டு. உண்டியலில் போட்டது திரும்பாதே, அதனால் என்பது என் யூகம். 'நாமம் போட்டுட்டான்' என்பதற்குத் தெலுங்கிலும் 'பங்கநாமம்' இருக்கிறது. ஏமாந்தவன் வயிற்றெரிச்சலில் மொழி வித்தியாசம் கிடையாது போல.

'ஐயோ' சொன்னால் மட்டும் பாட்டி திட்டுவார். அது எமன் பெண்டாட்டி பெயராம், கூப்பிட்டால் வந்துவிடுவாளாம். 2016-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டாள், இனி எங்கே தடுப்பது!

எனக்குப் பிடித்தது சின்னது. ஐஸ்கிரீமைக் கண்டதும் நம்ம ஊர்க் குழந்தைகள் "ஐ!" என்று குதிக்குமே, அது. தொல்காப்பியத்தின் உரியியலில் 'ஐ' என்பதற்கு வியப்பு என்றே பொருள் சொல்லியிருக்கிறது. "அப்பவே ஐஸ்கிரீம் இருந்துச்சா?" என்றாள் பெண். அந்த நூலின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. அதுதான் நம்ம திருப்பதி மலை.

அந்த எல்லைக்கு வந்த பாடுதான் பெரிய கதை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போராடினார். பிறகு படாஸ்கர் வந்து, எந்த கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று கணக்குப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாகாணத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே இருந்தன, 2022-ல் தனித்தனி மாவட்டமும் ஆகிவிட்டன. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று பேசுகிற எங்களை எந்தக் கணக்கில் எழுதினார்களோ! தேள் கொட்டினால் எந்த மொழியில் கத்துவாய் என்று கேட்டிருந்தால், எங்கள் தெருவையே அவர்களால் தாண்டியிருக்க முடியாது.