தோற்றுப்போன பாஷாவின் வீடு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

அண்மையில் தரம் 10 பிள்ளைகளை ஹலொலுவ வீதியில் இருக்கும் ஒராபி பாஷாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஹந்தானையிலிருந்து இறங்கி, கண்டி டவுன் நெரிசலைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் களைத்துவிட்டார்கள். உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பொடியன் கேட்டான்: "சேர், இவர் யுத்தத்தில தோத்த ஆள்தானே? தோத்த ஆளுக்கு என்னத்துக்கு மியூசியம்?"

அங்கே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்னது உண்மைதான். அஹ்மத் ஒராபி எகிப்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை. அஸ்ஹரில் சில காலம் ஓதியவர். பிறகு படையில் சேர்ந்து கர்னலானார். 1881 செப்டம்பரில் அப்தீன் அரண்மனைக்கு முன்னால் படையோடு போய் நின்று கெதீவிடம் உரிமை கேட்டார். அடுத்த வருடம் யுத்த அமைச்சர். ஒரு நாடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1882 செப்டம்பர் 13, தல் அல்-கபீர் சண்டை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. ஆங்கிலேயப் படை எகிப்துக்குள் வந்தது. அதன் கடைசிச் சிப்பாய் வெளியேறியது 1956இல்.

மரண தண்டனை நாடுகடத்தலாக மாறியது. 1883 ஜனவரியில் மற்ற ஆறு பேரோடு கொழும்பில் வந்து இறங்கினார்.

இங்கே அவருக்குப் படையில்லை, பதவியில்லை. ஆனாலும் அவர் பெயர் அவருக்கு முன்பே வந்துவிட்டது. நம் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 டிசம்பரில்தான் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற முஸ்லிம் தளபதி என்றால் அந்தக் காலத்துச் சனங்களுக்கு அவர் எப்படித் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் அவரிடமிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்டது எதை? தொப்பியை! அவர் தலையில் இருந்த சிவப்புத் துருக்கித் தொப்பி நம் ஆண்களின் தலையில் ஏறியது. அதைப் போடச் சொல்லி அவர் யாருக்கும் உபதேசம் செய்யத் தேவைப்படவில்லை. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாது என்று தடுத்தபோது, அந்த டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. ஒராபி நாடு திரும்பி நாலு வருடமாகியும் தொப்பிக்காகச் சனம் திரண்டது.

பள்ளிக்கூடத்துக்கு அப்படி லேசில் திரளவில்லை. ஆங்கிலம் படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தைச் சும்மா சொல்ல முடியாது; ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மிஷனரிமாருடையவை. சித்திலெப்பை எழுதி எழுதி, நம்மவர்களிடமே ஏச்சும் வாங்கினார். அவருக்குத் துணையாக ஒராபி நின்றார். நாடுகடத்தப்பட்டு வந்த இடத்தில் அவர் தானே உட்கார்ந்து ஆங்கிலம் படித்தார். தன்னைத் தோற்கடித்தவனின் மொழியை அஸ்ஹரில் ஓதிய மனிதர் படிக்கிறார் என்றால் "ஹராம்" என்று சொன்ன வாய்கள் கொஞ்சம் யோசிக்கத்தானே வேண்டும்? வாப்பிச்சி மரிக்காரும் சேர, 1892 ஓகஸ்டில் மருதானையில் அந்த மத்ரஸா திறந்தது. இன்றைய ஸாஹிறாக் கல்லூரி அதுதான். அவர் வந்து இறங்கி ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

அதே 1892இல் அவர் கண்டிக்குக் குடிவந்தார். 1901 வரை இங்கேதான்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. நாடு திரும்ப விடச் சொல்லி ஆங்கிலேயரிடம் திரும்பத் திரும்ப மனுப் போட்டவர். தீவை விட்டுப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கைதி. ஆகவே அவர் அடங்கி இருந்ததெல்லாம் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. ஆனால் அடங்கியிருக்க மட்டும் சொல்லப்பட்ட ஒருவர், தன் மேல் சனம் வைத்த அன்பைக் கொண்டுபோய் ஏன் ஒரு பள்ளிக்கூடத்தில் போட வேண்டும்? தன் பின்னால் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர் அவர். அதனால்தான் என்பது என் கணிப்பு. 1901இல் எகிப்துக்குத் திரும்பியபோது இளம் தேசியவாதிகள் அவரை வரவேற்கவில்லை. நாடு பறிபோனதற்கு அவரே காரணம் என்றார்கள். 1911இல் அந்தப் பழியோடுதான் மௌத்தானார்.

ஒரு ஆள் பேசினால் என்ன நடக்கும் என்பதை நாமும் பார்த்தவர்கள்தான். 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, போன் வழியாகப் பரவிய பேச்சுகளுக்குப் பயந்து 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த நாட்களில் நம் குழுக்களிலும் விசாரிக்காத வொய்ஸ் கட்கள் ஓடின. அனுப்பியவர்களில் பள்ளி நிர்வாகிகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் அனுப்பியதால்தான் சனம் நம்பியது.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், வேறொரு பாடசாலையில், வகுப்பு முழுக்கச் சிரிக்க ஒரு பிள்ளையிடம் "உன் மண்டைக்குக் கணக்கு ஏறாது, வாப்பாட கடையில போய் நில்லு" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னமே மறந்தும் விட்டேன். அவன் மறக்கவில்லை. ஓ.எல். எழுதாமலே நின்றுவிட்டான். ஏன் என்று கேட்ட உம்மாவிடம் "சேரே சொல்லிட்டாரே" என்றானாம். அவர் ஒரு கலியாண வீட்டில் வைத்து என்னிடம் இதைச் சொன்னார், கோபமில்லாமல்.

அவன் இப்போது கடை வைத்திருக்கிறான். கணக்கில் ஒரு சதம் பிசகாது. என்னைக் கண்டால் இன்றைக்கும் கல்லாவிலிருந்து எழும்பி நிற்பான்.