நோயும் காலக்கெடுவும்

பழவேற்காட்டு ஏரி மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை ஊரார் முன்கூட்டியே வகுத்துக்கொள்வர். தம்முறை எப்போது வருமென்பதை எவரும் அறிவர். ஆனால் லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களிலிருந்து ஒருவர் ஆலைவேலைக்குச் சென்று நோயுற்றால், நட்டஈடு கோரும் கெடு எந்நாளில் தொடங்குகிறது? (சொந்தத் தோணியில் செல்பவருக்கு முதலாளியே இல்லையாதலால், இக்கேள்விக்கே இடமில்லை.)

இந்தியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்தில் கை நசுங்கினால் நாள் தெளிவு. ஈயநஞ்சு உடலில் ஏறியது எந்நாள்? சட்டம் ஓர் உபாயம் கண்டது: நோயால் தொடர்ந்து வேலைக்கு வரவியலாமற்போன முதல் நாளையே விபத்து நாளாகக் கொள்க என்றது. வேலையை விட்டவருக்கும் பின்னர் வழி செய்யப்பட்டது. விலகிய 2 ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால், அது கண்டறியப்பட்ட நாளே கணக்கின் தொடக்கம். தக்க காரணமிருப்பின் காலங்கடந்த மனுவையும் ஆணையர் ஏற்கலாமென்ற விதியும் இருந்தது.

ஆயினும் அந்த 2 ஆண்டு என்னும் எல்லை எனக்கு வியப்பளிக்கிறது. கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கி, இருபது, முப்பது, சில வேளை நாற்பது ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். தொழிலாளி அதற்குள் ஓய்வுபெற்றிருப்பார், ஆலையே மூடப்பட்டிருக்கலாம்.

இங்கிலாந்திலும் இவ்விடர் நேர்ந்தது. எஃகு வார்ப்புகளைச் செப்பனிட்ட தொழிலாளர் சிலர் தூசியால் நுரையீரல் நோயுற்று வழக்கிட்டனர். கார்ட்லெட்ஜ் வழக்கு எனப்படும் அதில், 1963-இல் பிரபுக்கள் சபை அவர்களுடைய கோரிக்கை காலங்கடந்தது என்றது. நோய் இருப்பதை அறியாதபோதே 6 ஆண்டுக் கெடு ஓடிமுடிந்துவிட்டதாம்! தீர்ப்பளித்த நீதிபதிகளே இதனை நியாயமெனக் கருதவில்லை. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் புதுச்சட்டம் இயற்றி, உண்மையை அறியாதிருந்தவர் நீதிமன்ற அனுமதியுடன் பின்னர் வழக்கிட வழிசெய்தது.

நம் நாட்டில் 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் பிந்தியது வரை காக்க வேண்டுமென முதலாளிகளுக்கு ஆணையிட்டது. நோயின் நீண்ட காலத்தை ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமோ 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது.

எண்ணூரிலும் மீஞ்சூரிலும் ஒப்பந்தக்காரர் மாற மாற வேலைசெய்யும் கடலோர இளைஞருக்கு, நாற்பதாண்டுப் பதிவேட்டை எவர் வைத்திருப்பார் என்பதே என் ஐயம்.