கலப்புத் தீவனப் பயிர்களில் தாவரவழிப் பயிர்ப் பாதுகாப்பு

கலப்புத் தீவனப் பயிர்களில் தாவரவழிப் பயிர்ப் பாதுகாப்பு என்பது, தானிய வகைத் தீவனங்களையும் பயறு வகைத் தீவனங்களையும் சேர்த்து வளர்க்கும் நிலங்களில், பூச்சிகளையும் நோய்களையும் தாவரப் பொருள்களைக் கொண்டு கட்டுப்படுத்தும் முறை ஆகும். தீவனப் பயிரின் இலையும் தண்டும் அப்படியே கால்நடைக்கு உணவாகின்றன. தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லியின் எச்சம் பாலிலும் இறைச்சியிலும் சேரக்கூடும் என்பதால், இப்பயிர்களில் மருந்துத் தேர்வு சிறப்பான கவனம் பெறுகிறது.

வேம்பார்ப் பகுதி

தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த வேம்பார், பழைய முத்துக்குளித்துறை ஊர்களுள் ஒன்று. கரையோரம் பனைகள் நிறைந்த மணற்பாங்கான நிலமாகவும், உட்பகுதி மானாவாரிக் கரிசல் நிலமாகவும் உள்ளன. வடகிழக்குப் பருவமழையை நம்பிச் சோளம், கம்பு, மக்காச்சோளம், பயறு வகைகள் ஆகியவை பயிராகின்றன. அறுவடைக்குப் பின் கிடைக்கும் சோளத்தட்டை கோடைக்கால மாட்டுத் தீவனம். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக்கு ஏற்ற கே 8, கே 11, கே 12 முதலிய சோள இரகங்களை வெளியிட்டுள்ளது.

பயிர்க்கலப்பும் தாக்குதலும்

சோளத்துடன் தட்டைப்பயறும், கம்பு நேப்பியர் புல்லுடன் வேலிமசாலும் சேர்த்து வளர்க்கப்படுகின்றன. புல் வகை மாவுச்சத்தையும் பயறு வகை புரதத்தையும் தருகின்றன. சோளத்தைக் குருத்து ஈயும் தண்டுத் துளைப்பானும் தாக்குகின்றன. தட்டைப்பயறில் அசுவினி சாற்றை உறிஞ்சுவதுடன் தேமல் நோயையும் பரப்புகிறது.

குருத்து ஈ தாக்கிய சோளத்தின் நடுக்குருத்து காய்ந்து, பக்கத் தூர்கள் வெடிக்கும். இளந்தூர்களில் சயனைடு நச்சு மிகுதியாதலால், அவற்றை மேயும் மாடு இறக்கவும் நேரிடும். எனவே இங்குப் பூச்சிக் கட்டுப்பாடு விளைச்சலை மட்டுமன்றிக் கால்நடையின் உயிரையும் காக்கிறது.

வேப்பம்பருப்புச் சாறு

மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது 5 விழுக்காடு வேப்பம்பருப்புச் சாறு ஆகும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக நீர் சேர்க்க வேண்டும். இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது காதி சோப்புக் கரைசல் கலக்கப்படுகிறது. பறித்து மூன்று மாதம் கடந்த, எட்டு முதல் பத்து மாதத்துக்கு மேற்படாத பருப்பே ஏற்றது. கோடையின் பிற்பகுதியில் உதிரும் வேப்பம்பழங்களைச் சேகரித்து உலர்த்தினால், ஐப்பசி விதைப்புக்குப் பின் வரும் பூச்சிகளுக்கு அவை பதமாக அமைகின்றன.

வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் குறைத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. வெயிலில் விரைவில் சிதைவதால் மாலையில் தெளிப்பது நன்று. உடனடியாகக் கொல்வதில்லை, தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை எட்டுவதும் அரிது. ஆகவே முட்டை, இளம்புழுப் பருவங்களிலேயே தெளிக்க வேண்டும். 2018இல் இந்தியாவில் நுழைந்து மக்காச்சோளத்தைத் தாக்கிய படைப்புழுவுக்கும் இது பொருந்தும். தெளித்த பயிரைக் கசப்பு நீங்கச் சில நாட்கள் கழித்தே அறுத்துப் போடுவது வழக்கம்.

பிற தாவரங்களும் எச்சரிக்கையும்

எருக்கு, ஊமத்தை, புகையிலை ஆகியவற்றின் சாறுகளும் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் இவை கால்நடைகளுக்கு நச்சானவை. தாவரச் சாறு என்பதால் மட்டும் தீங்கற்றதாகிவிடாது. தீவனப் பயிரில் இவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பிற நாடுகளில்

கென்யாவில் 1990களில் உருவாக்கப்பட்ட 'தள்ளு-இழு' முறையில் தெளிப்பே இல்லை. மக்காச்சோள வரிசைகளுக்கிடையே வளரும் டெசுமோடியம் தண்டுத் துளைப்பானை விரட்ட, ஓரத்திலுள்ள நேப்பியர் புல் அதை ஈர்க்கிறது. இவ்விரண்டும் தீவனங்களே.

வரலாறு

1962இல் புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் குழுவினர், வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமையை நிறுவினர். 1968இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பயிர்களின் பூசண நோய்களுக்கு வேப்பெண்ணெயைப் பயன்படுத்துவதற்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அளித்த உரிமை, இந்தியாவில் முன்பே அறியப்பட்ட முறை என்ற எதிர்ப்பினால் 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது.