ஓய்வூதியப் பலன்களில் பிடித்தம்: இந்திய வழக்குகளின் வரலாறு

இந்தியாவில் ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் ஓய்வூதியம், பணிக்கொடை, ஈட்டிய விடுப்புக்கான பணம் ஆகியவற்றை அரசு பிடித்தம் செய்வதையும் நிறுத்தி வைப்பதையும் எதிர்த்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்குகள் நடந்து வருகின்றன. ஓய்வூதியம் அரசு மனமுவந்து அளிக்கும் கொடையா, ஊழியர் உழைத்து ஈட்டிய உடைமையா என்பதே இவ்வழக்குகளின் அடிப்படைக் கேள்வி.

பின்னணி

1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர்கள் ஓய்வூதியத்தை ஜப்தி செய்வதைத் தடுத்தது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பதற்கும் தடை விதித்தது. இதனால் கடன்காரரிடமிருந்து காக்கப்பட்ட ஓய்வூதியம், அரசே அதைக் குறைத்தபோது பாதுகாப்பின்றி இருந்தது.

உடைமை என்ற நிலை

தேவகிநந்தன் பிரசாத் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்நிலையை மாற்றியது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைச் சார்ந்த கொடை அன்று. விதிகளிலிருந்து பிறக்கும் உரிமை. அது உடைமையும் ஆகும் என்று நீதிமன்றம் கூறியது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை, நீதிப் பேராணை மனுவுக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது.

1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயினும் சட்டத்தின் அதிகாரம் இன்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, அரசியலமைப்பின் 300ஏ பிரிவாகத் தொடர்ந்தது. 1982 டிசம்பரில் வெளியான நகாரா தீர்ப்பு பிடித்தத்தைப் பற்றியது அன்று. எனினும், ஓய்வூதியம் முன்பு ஆற்றிய பணிக்கான ஊதியம் என்ற கருத்தை அது வலுப்படுத்தியது.

இவ்வடிப்படையில் 2013இல் ஜார்க்கண்ட் மாநிலம் எதிர் ஜிதேந்திர குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கு முடிவு செய்யப்பட்டது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்ததைக் காட்டி, ஓய்வூதியத்தில் 10 விழுக்காட்டையும் பணிக்கொடையையும் விடுப்புப் பணத்தையும் அரசு நிறுத்தி வைத்திருந்தது. குற்றம் நிரூபிக்கப்படும் முன் நிறுத்தி வைக்க அம்மாநில விதியில் இடமில்லை என்றும், நிர்வாகச் சுற்றறிக்கை சட்டமாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. விதியே வெளிப்படையாக அனுமதித்தால் நிலைமை வேறு. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன் 9ஆவது விதி, பணிக்காலத்தில் கடுமையான முறைகேடு செய்ததாக நிரூபிக்கப்பட்டவரின் ஓய்வூதியத்தை நிறுத்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஓய்வுக்குப் பின் தொடங்கும் துறை நடவடிக்கை, நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய நிகழ்வைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

கூடுதலாகத் தந்த ஊதியம்

முறைகேடு எதுவும் இல்லாமல், ஊதிய நிர்ணயத்தில் அலுவலகம் செய்த தவற்றுக்காகவும் பிடித்தங்கள் நடைபெறுகின்றன. பல ஆண்டுகளுக்கு முந்தைய பிழை, ஓய்வூதியக் கோப்பு தணிக்கைக்குச் செல்லும்போது வெளிப்படுகிறது. 1994இல் சியாம் பாபு வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊழியர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பொதுப்பணம் தவறாகச் சென்றால் அதைத் திரும்பப் பெறலாம் என 2012இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் கூறியது.

2014 டிசம்பர் 18 அன்று வெளியான ரஃபீக் மாசி தீர்ப்பு இதற்கு வரையறை வகுத்தது. பின்வரும் நிலைகளில் பணத்தைத் திரும்பப் பெறக் கூடாது:

• ஊழியர் சி அல்லது டி பிரிவினராக இருத்தல்
• ஓய்வுபெற்றவராகவோ ஓராண்டுக்குள் ஓய்வுபெறுபவராகவோ இருத்தல்
• கூடுதல் தொகை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வழங்கப்பட்டிருத்தல்
• உயர்பதவிப் பணியைத் தவறாகச் செய்ய வைத்து அதற்குரிய ஊதியம் தந்திருத்தல்
• திரும்பப் பெறுவது அளவுக்கு மீறிய அநீதியாக அமைதல்

விதிவிலக்கு

2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவதாக முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு ஓய்வுக்குப் பிந்தைய பாதுகாப்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தொகையைத் தவணைகளில் பெற அனுமதித்தது. 2022இல் தாமஸ் டேனியல் வழக்கில், ஊழியரின் ஏமாற்று இல்லாமல், விதியைத் தவறாகப் பொருள்கொண்டதால் கொடுக்கப்பட்ட தொகையை ஓய்வுபெற்ற கேரள ஆசிரியரிடமிருந்து பிடிக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. எனவே இத்தகைய வழக்குகளில் பிடித்தத்துக்கு இடமளிக்கும் விதி, தவறு யாருடையது என்பது, ஊதிய நிர்ணயத்தின்போது ஊழியர் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகிய மூன்றும் முதலில் ஆராயப்படுகின்றன.