பறந்த யானையும் கூடாரம் கட்டியவர்களும்

வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1941 ஒக்டோபரில் வெளியிட்ட ‘டம்போ’ என்னும் சித்திரப்படத்தைச் சிறுவர்க்குரிய ஆடலும் பாடலுமாகவே நம்மிற் பலர் கொள்கிறோம். 64 நிமிடங்களே ஓடும் படம். பெருங்காதுகளுடன் பிறந்த யானைக்குட்டியைச் சர்க்கஸ் உலகம் எள்ளி நகையாடுகிறது. அதனைக் காக்க முனைந்த தாய், வெறிபிடித்தவளெனக் கூண்டில் அடைக்கப்படுகிறாள். கம்பிகளுக்கிடையே துதிக்கையை நீட்டி அவள் குட்டியைத் தாலாட்டும் காட்சியிலே நெஞ்சிளகாதார் அரியர். அந்த இரக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. அது யார்யாரை எட்டியது, எவரிடம் எட்டாமல் நின்றது என்பதே நாம் கேட்க விரும்புவது.

1939 இல் மூண்ட போர், டிஸ்னியின் ஐரோப்பியச் சந்தையிற் பெரும்பகுதியை அடைத்துவிட்டது. 1940 இல் வந்த ‘பினோக்கியோ’, ‘பன்டாசியா’ ஆகியவை இட்ட முதலை அப்போது மீட்டுத் தரவில்லை. ஆகவே ‘டம்போ’ பத்து இலட்சம் டொலருக்கும் குறைவான செலவிலே செய்து முடிக்கப்பட்டது. இத்தகைய சிக்கனங்களின் சுமை எவர் தோளில் இறங்கும் என்பதைத் தொழிலாளரிடம் விளக்கிக்கூற வேண்டியதில்லை. சங்கப்பணியில் முன்னின்ற ஆர்ட் பாபிட் என்னும் தேர்ந்த ஓவியர் வேலைநீக்கப்பட்டார். அவரோ அங்கு உயர்ந்த சம்பளம் பெற்றோருள் ஒருவர். குறைந்த கூலி பெற்றோரின் பக்கம் நின்றதே அவர் செய்த குற்றம். 1941 மே 29 ஆந் திகதி நூற்றுக்கணக்கானோர் பர்பாங்க் நகரிலுள்ள நிறுவன வாயிலில் மறியலில் இறங்கினர். இது கம்யூனிஸ்டுகளின் தூண்டுதலே என்று டிஸ்னி பகிரங்கமாக அறிவித்தார். 1947 இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின் முன்னும் அதையே சாதித்தார். ஆயினும் ஈற்றில் நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்க நேர்ந்தது.

இப்பொழுது படத்தைப் பார்ப்போம். கூடாரத் துணியில் நிழலுருவாகத் தெரியும் கோமாளிகள் குடித்துக் கும்மாளமிட்டு, முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கப் புறப்படுகின்றனர். வேலைநிறுத்தக்காரரைப் பரிகசிக்கவே இக்காட்சி அமைந்ததென்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. எண்ணம் எதுவாயினும், கூலி கேட்பவன் இங்கே கோமாளி, பார்ப்போர் சிரிக்கின்றனர்.

இதனினும் கொடியது கூடாரமெழுப்பும் காட்சி. கொட்டும் மழையில், நள்ளிருளில், கறுப்புத் தொழிலாளர் முளையறைந்து கயிறிழுக்கின்றனர். அவர்களுக்கு முகமே வரையப்படவில்லை. எழுத்தறியாதவர், கிடைத்த கூலியை வீணாக்கும் களிப்பினர் என்று அவர்கள் வாயாலேயே பாடவைக்கிறது படம். யானைக்குட்டியின் ஒரு துளிக் கண்ணீரையும் நுணுக்கமாகத் தீட்டிய அதே கலைக்கூடத்தின் வேலை இது! பறக்கக் கற்பிக்கும் காகங்களும் கறுப்பினத்தாரின் சாயலிலேயே வருகின்றன. அவற்றின் தலைவனுக்குத் தயாரிப்பு ஏடுகளில் இட்ட பெயர், நிறவெறிச் சட்டங்களைக் குறிக்கும் ‘ஜிம் குரோ’; குரல் கொடுத்தவரோ வெள்ளையர். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: முதலில் நகைத்தாலும், குட்டியின் துன்பக்கதை கேட்டு மனம் வருந்தி அதற்கு உதவுவோர் அக்காகங்களே.

குட்டி பறக்கிறது. உடனே உலகின் பார்வை மாறுகிறது. இறுதியிற் சுழன்றுவரும் பத்திரிகைத் தலைப்புகளில், டம்போவின் வடிவில் நாட்டுப் பாதுகாப்புக்கான குண்டுவீச்சு விமானங்களையும் காண்கிறோம். அமெரிக்கா அப்போது போரில் நேரடியாக இறங்கவில்லை. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது டிசம்பர் 7 ஆந் திகதியே. ஆனால் ஆயுதத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே முழுமூச்சாக இயங்கிக்கொண்டிருந்தன. நேற்றுவரை நகைப்புக்கிடமான காதுகள் இன்று போருக்கு உதவுவன. அதனாலேயே அவை அழகாகிவிட்டன. விடுதலைபெற்ற தாய் அலங்கார ரயில்பெட்டியிற் பயணஞ் செய்கிறாள். காகங்கள் வழியனுப்புகின்றன. மழையில் நனைந்து கூடாரம் கட்டியவர்கள் அந்தக் காட்சியில் எங்குமில்லை.